இடப்பக்கம் இழுத்த விமானம்

கணக்கு வாத்தியார் கள்ள வேலை செய்யமாட்டார் என்று தேயிலைத் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த வாத்தியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராகவும் கண்ணாடி போட்டவராகவும் இருந்துவிட்டால் நம்பிக்கை இன்னும் ஒரு படி கூடும். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் இருபது வருடங்களுக்கு மேல் அந்த நம்பிக்கையில் நான் சுகமாகக் குளிர்காய்ந்தேன். அதனால்தான் நானே வாய்திறக்கும்வரை நான் செய்ததை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பார்க்கப்போனால் செய்தது சின்னக் காரியம்தான். ஒரு மனிதர் தன் வலது கையை நம்பாமல் போகும்படி செய்தேன்.

அவர் எங்கள் தோட்டத்து டீமேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தேயிலைத் தூளாக வெளியே போவது வரை தொழிற்சாலையில் எல்லாம் அவர் பொறுப்பு. தொழிற்சாலையை அங்கே ‘ஸ்டோர்’ என்பார்கள். ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாடவைப்பார்கள். வாடியது போதுமா என்று பார்க்கக் கருவிகள் இருந்தன. எங்கள் டீமேக்கர் அவற்றுக்கு ஒரு வணக்கம் மட்டும் வைத்துவிட்டு, கொழுந்தில் ஒரு கைப்பிடி அள்ளி அமுக்குவார். பிறகு விரல்களைத் திறப்பார். உருண்டை சட்டென்று விரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சோம்பல் முறிப்பதுபோல மெல்ல அவிழ்ந்தால் சரி. அவர் தலையாட்டிய பிறகுதான் கீழே உருட்டும் இயந்திரம் ஓடும். அந்தக் கை ஒன்று சொல்லிவிட்டால் தோட்டத்தை நடத்தும் துரைகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

துபாயில் வேலை செய்த அவருடைய தம்பி ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஒரு குட்டி விமானம் கட்டுவதற்கான மெல்லிய மரத்துண்டுகள், கட்டைவிரல் அளவு மோட்டார், பற்றரி, அதை ஓட்ட இரண்டு குச்சிகளும் நீண்ட ஏரியலும் கொண்ட ஒரு ரிமோட் எல்லாம் அதற்குள் இருந்தன. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. இராணுவச் சோதனைச் சாவடிகள் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தன. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் என்றால் ஏரியல் வைத்த பெட்டியோடு ஹட்டன் பஸ்ஸில் ஏறியிருக்கவே முடியாது. அது விளையாட்டு விமானத்துக்கு என்று விளக்க என் சிங்களம் போதாது. அவருடைய சிரிப்பும் போதாது.

ஒரு மழைக்காலம் முழுவதும் அவர் விமானத்தைக் கட்டினார். இறக்கைக்கு மஞ்சள் தாள் ஒட்டினார். கட்டி முடித்த பிறகுதான், அதை எங்கே பறக்கவிடுவது என்ற கேள்வி எங்களுக்கு வந்தது. மலைநாட்டில் மட்டமான இடம் மட்டும் கிடைக்காது. தோட்டத்து மைதானத்துக்கு ஒரு பக்கம் ஸ்டோர், மறுபக்கம் பள்ளம். ஒரே வழி, வருடத் தொடக்கத்து வெயிலில் நீர்த்தேக்கம் வற்றும்வரை காத்திருப்பது. அதில் மூழ்கிய பழைய பாலத்துக் கற்கள் வெளியே தெரியுமளவு தண்ணீர் இறங்கிவிட்டால், வெடித்த சேற்றுத் தரை ஒரு பெரிய மைதானம் போலக் கிடக்கும். மழை வந்தால் அது மறுபடி மூழ்கிவிடும்.

இருந்தது ஒரே ஒரு விமானம். கீழே விழுந்தால் மாற்று மரத்துக்குத் துபாய்க்குத்தான் போகவேண்டும். “ஒரே தடவ பறந்தாலும் போதுங்க மாஸ்டர். ஆனா பறக்கணும். நம்ம ஆளுங்க எல்லாம் பாக்கணும்” என்றார். ஆகவே தண்ணீர் வற்றும்வரை எங்காவது பழகியாகவேண்டும்.

அதற்கு வழி என்னிடம் இருந்தது. பரீட்சைத் தாள் அடிப்பதற்கென்று நான் ஒரு கணினி வைத்திருந்தேன். அதில் விமானம் ஓட்டிப் பழகும் புரோகிராம் ஒன்றும் இருந்தது. தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விசைப்பலகையின் அம்புக்குறிகளை அவர் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

“பட்டன அமுக்கி ஓட்டுறதுக்கு இது என்னாங்க, லிஃப்டா? கைக்கு ஒண்ணுமே தெரியலையே.”

அந்தக் கைக்கு எல்லாம் தெரியவேண்டும். ரிமோட்டையே கணினியோடு இணைக்கும் யோசனை அப்படித்தான் பிறந்தது. ரிமோட்டின் முதுகில் வட்டமாக ஒரு துளை இருந்தது. பழக்குபவரின் ரிமோட்டையும் பழகுபவரின் ரிமோட்டையும் ஒரு வயரால் சேர்ப்பதற்கான துளை அது. குச்சிகள் எங்கே நிற்கின்றன என்ற செய்தி அதன் வழியாகத் துடிப்புத் துடிப்பாக வெளியே வரும். அந்தத் துடிப்பைக் கணினியின் மைக் துளைக்குள் விட்டால், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது என்று வாசித்தேன். ஹட்டனில் இன்டர்நெட் வைத்திருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் அரைநாள் உட்கார்ந்து அதை இறக்கி மூன்று பிளொப்பியில் எடுத்துவந்தேன். மூன்றாவது பிளொப்பி பஸ்ஸில் எதைக் கண்டு பயந்ததோ, வீட்டில் திறக்க மறுத்தது. மறுபடி ஹட்டன்.

வயர், பாடசாலையின் பழுதான கசெட் ரெக்கோடருடையது. அதுவும் ஒரு குற்றம்தான். ஆனால் இன்று நான் சொல்லவந்தது வேறு. வயரின் நுனிகளை டீமேக்கரே ஈயம் வைத்து ஒட்டினார். கடுகளவு இடத்தில் ஒரு சொட்டு. கை இம்மியும் அசையவில்லை. பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்த நான்தான் வெளிச்சத்தை வேறெங்கோ அடித்தேன்.

இணைத்ததும் ஸ்பீக்கரிலிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. டீமேக்கருடைய மனைவிக்குப் பிள்ளைமடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னாங்க மாஸ்டர், பெட்டிக்குள்ள குளவி கூடு கட்டிருச்சா?”

“குளவி இல்லை தங்கச்சி, சிக்னல்.”

“கொட்டாம இருந்தா சரி.”

ரிமோட்டிலிருந்து அலை வெளியே போகாதிருக்க, அதிலிருந்த நகமளவு கிறிஸ்டலை நான் முதலிலேயே கழற்றி மூக்குப்பொடி டப்பாவில் போட்டிருந்தேன். பழைய பயம். மைக்கின் சத்தத்தைக் குறைத்தோம், கூட்டினோம், மறுபடி குறைத்தோம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரையில் இருந்த பச்சைக் கோடுகள், அவர் குச்சியை அசைத்தபடியே அசைந்தன. நாங்கள் இருவரும் எழுந்து நின்று கைதட்டினோம். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

“மடுவத்துல எனக்கு இருவத்திநாலு புள்ளைங்க. இப்ப ரெண்டு கூடிருச்சு. இதுங்களுக்கு மீசை வேற.”

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் விமான நிலையம் திறந்திருந்தது. காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்று நான் அவருக்குப் படம் கீறி விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குச்சியைப் பிடித்து விமானத்தைப் பூப்போல இறக்கினார். நான் பிடித்தால் அது கூரையில் இறங்கும், கடலில் இறங்கும், ஒருமுறை தலைகீழாகப் போய் மாட்டுக்கூட்டத்துக்குள் இறங்கியது.

“விமானத்தப் பத்தி எல்லாம் தெரிஞ்சவருங்க நீங்க” என்றார் ஒருநாள். “விமானத்துக்குத்தான் ஒங்கள தெரியல.”

நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே ஒரு முள்ளாகத் தங்கியது. யாழ்ப்பாணத்திலும் இங்கேயுமாக வகுப்பில் முப்பது வருடம் பலகைப் பக்கம் நின்றே பழகிய ஒருவனுக்குப் பின்வரிசை வாங்கில் உட்காருவது லேசில்லை.

அந்தப் புரோகிராமில் அளவு திருத்தும் பக்கம் ஒன்று உண்டு. குச்சிகளை எல்லா மூலைக்கும் ஓட்டிவிட்டு, நடுவில் விட்டு, ‘இதுதான் நடு’ என்று கணினிக்குச் சொல்லவேண்டும். அவரவர் பேரில் அதைச் சேமித்து வைக்கலாம். அவர் பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று இருந்தன. பொங்கல் முடிந்த கிழமை, ஒரு சனிக்கிழமை, தனியே இருந்து அவருடைய பேரைத் திறந்தேன். குச்சியை நடுவில் விடாமல், ஒரு நெல்லளவு வலப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ‘இதுதான் நடு’ என்று சொல்லிவிட்டேன். இனி அவர் குச்சியைச் சும்மா விட்டால், கணினிக்கு அது இடப்பக்கம் என்று தோன்றும். விமானம் இடப்பக்கமே இழுக்கும்.

மறுநாள் திரையில் அவர் மூன்று தரம் விழுந்தார்.

“என்ன டீமேக்கர், இண்டைக்குக் கைக்கு லீவோ?”

“என்னமோ தெரியலைங்க மாஸ்டர், எடது பக்கமாவே இழுக்குது. நேத்து ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தேன், அதுவா இருக்கும்.”

அன்றைக்கே சொல்லிச் சிரித்திருக்கலாம். அடுத்த ஞாயிறு நான் முதல் தரமாக அவரைவிட நன்றாக இறக்கினேன். அவர் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது மிகவும் இனித்தது. அளவை அப்படியே விட்டுவிட்டேன்.

நாலாவது ஞாயிறில் அவர் மறுபடி நேராகப் பறந்தார். விமானம் இடப்பக்கம் இழுப்பதற்கேற்ப, குச்சியை எப்போதும் ஒரு நெல்லளவு வலப்பக்கம் பிடித்துக்கொள்ள அவர் கை பழகிவிட்டது. அவருக்கு அது தெரியாது. ‘சரி, விளையாட்டுக்குச் செய்த பகிடி தானாகவே தீர்ந்துவிட்டது’ என்று நான் எண்ணிக்கொண்டேன். பிழையான முறையில் கணக்குச் செய்யப் பழகிய பிள்ளையைத் திருத்துவது எவ்வளவு பாடு என்று எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எண்ணிக்கொண்டேன். அப்படி மொத்தம் எட்டு ஞாயிறுகள் போயின.

பங்குனியில் பாலத்துக் கற்கள் தெரிந்தன. ஒரு ஞாயிறு காலை, தொழிலாளர் லயங்களிலிருந்து பாதிச் சனம் இறங்கி வந்து சேற்றுத்தரையின் ஓரத்தில் நின்றது. துரை ஜீப்பில் வந்தார். டீமேக்கர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து கிறிஸ்டலை நான்தான் அவர் கையில் வைத்தேன். அந்த நேரத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ‘டீமேக்கர், கணினியில் பழகிய நடு பொய், இங்கே நடு என்பது உண்மையான நடு’ என்று ஒரே வசனம் போதும். ஆனால் ஏன் என்று அவர் கேட்பார். இத்தனை பேர் முன்னால் ஏன் என்று கேட்பார்.

விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து நாலடி ஓடி எறிந்தேன். அது எழும்பியது. மஞ்சள் இறக்கையில் வெயில் பட, சனம் ‘ஓ’ என்றது. ஒரு பனை உயரம் போயிருக்கும். பிறகு வலப்பக்கம் சாயத் தொடங்கியது. அவர் திருத்தினார். திருத்தியதும் அவர் கை தன் வழக்கமான இடத்துக்குத் திரும்பியது. அது நான் பழக்கிவிட்ட இடம். மறுபடி வலப்பக்கம். மறுபடி திருத்தினார். மூன்றாவது சாய்வில் விமானம் பாலத்துக் கற்களில் மூக்கைக் குத்தியது. சத்தம் ஒரு தீப்பெட்டியை மிதித்ததுபோல் மிகச் சின்னதாக இருந்தது.

“டீமேக்கர் ஐயா, ப்ளேன் கொழுந்து பறிக்க எறங்கிருச்சு!” என்று யாரோ கூட்டத்திலிருந்து கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார்.

“காத்து” என்றேன் நான். “காத்து அடிச்சுப்போட்டுது.”

“காத்தெல்லாம் இல்லீங்க மாஸ்டர். நான் நேராத்தான் புடிச்சேன். கை வேற எங்கயோ புடிச்சிருக்கு.”

அதற்குப் பிறகு அவர் ஞாயிறுகளில் பறக்க வரவில்லை. பாடசாலை விட்டுப் போகும்போது நான்தான் ஸ்டோர்ப் பக்கம் போவேன். தேநீர் தருவார், ஊர்க்கதை பேசுவார். வைகாசி பிறந்த சமயம் ஒரு பின்னேரம் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். அன்று அவர் பகிடி ஏதும் சொல்லவில்லை.

“இவரு இப்ப கொழுந்த அமுக்கிப் பாக்குறதே இல்லீங்க மாஸ்டர். ஒதவி டீமேக்கர பாக்கச் சொல்லிட்டு ஒதுங்கி நிக்கிறாரு. கை பொய் சொல்லுதாம். தொரைகிட்ட சொல்லி வேலைய விட்டுறப் போறேன்னு நிக்கிறாரு. கண்டியில நரம்பு டாக்டர் ஒருத்தரு இருக்காராம். நீங்க கூடப் போய் இங்கிலீசுல பேசணும்.”

நான் “ஓம்” என்றேன். நானே உண்டாக்கிய வியாதியை நானே ஆங்கிலத்தில் விளக்கவேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் இருந்தார். வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்திருந்தார், உடைந்துவிடும் ஒரு சாமானைப்போல. நாலைந்து வளைவுகள் போயின.

“டீமேக்கர், உங்கட கைக்கு ஒண்டும் இல்லை.”

“அத டாக்டர் சொல்லட்டுங்க மாஸ்டர்.”

“டாக்டருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான்தான் செய்தனான்.”

சொன்னேன். சனிக்கிழமை, நெல்லளவு, அவருடைய பேரில் இருந்த அளவு, கை பழகிய பழக்கம், எல்லாம். கணக்கு விளக்குவதுபோல ஒழுங்காகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப செஞ்சீங்க?”

“பொங்கல் முடிஞ்ச கிழமை.”

அவர் விரலை மடித்து மாதங்களை எண்ணினார். “நாலு மாசம். அந்த நாலு மாசமும் என் கூட டீ குடிச்சிருக்கீங்க.”

ஹட்டனில் இறங்கினோம். கண்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் அதைத் தாண்டி ஒரு தேநீர்க் கடைக்குள் போனார். நான் பின்னால் போனேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாசை வைத்தார்.

“கொழுந்து சரியா வாடலைங்க இதுல. இங்கயும் எவனாவது அளவ மாத்தி வச்சிருப்பான்.”

சிரிப்பதா என்று தெரியாமல் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“சிரிக்காதீங்க மாஸ்டர். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.” இன்னொரு மிடறு குடித்தார். “என்கிட்ட சொன்னது பத்தாதுங்க. என் கை போச்சுன்னு நான் யாருகிட்ட எல்லாம் சொன்னேனோ, அவங்ககிட்ட எல்லாம் நீங்க வந்து சொல்லணும். நாளைக்கு. ஸ்டோரு மாடியில.”

மறுநாள் பாடசாலை முடிந்ததும் போனேன். கொழுந்து பரப்பும் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். உதவி டீமேக்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருடமும் பலகை முன்னால் தடுமாறாத நாக்கு அன்று தடுமாறியது. ரிமோட், மைக் துளை, அளவுதிருத்தும் பக்கம் எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. நான் இன்னும் விளக்கமாகச் சொல்லத் தொடங்கியபோது டீமேக்கர் குறுக்கிட்டார்.

“பாடம் வேணாங்க மாஸ்டர். செஞ்சத மட்டும் சொல்லுங்க.”

“டீமேக்கரின்ட கை பிழை விடேல்லை. நான் அவரை ஏமாத்திப்போட்டன். அதாலதான் ப்ளேன் விழுந்தது.”

சிரிப்பு எழுந்தது. மாஸ்டரா, நம்ம கணக்கு மாஸ்டரா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். கொழுந்து கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

“அப்புடி ஏங்க செஞ்சீங்க?”

அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“அவர் என்னைவிட நல்லாப் பறந்தவர்” என்றேன்.

டீமேக்கர் திரும்பி, பரப்பியிருந்த கொழுந்துக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினார். நான் நின்று பார்க்கவில்லை, படியிறங்கிவிட்டேன். நான் முற்றத்தைக் கடக்குமுன் கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது.

விமானத்தைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. தம்பி வேலை மாறிப் போனார், மரம் வரவில்லை. அதற்குள் நாடு மறுபடி கெட்டுப்போய், அந்தப் பெட்டியோடு வெளியே இறங்க எங்கள் இருவருக்கும் தைரியம் போய்விட்டது. ஆக, அவருடைய விமானம் அந்த ஒரே தடவைதான் பறந்தது. ஒரே தடவை போதும் என்று அவர் கேட்டிருந்தார். அதை நான் கெடுத்தேன். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த ஆடி மாதம், மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையை மடக்கிக்கொண்டு அவர் என் வாசலில் நின்றார். அக்குளில் ரிமோட். உள்ளே வந்து வயரைச் செருகினார். கணினிக்கு முன்னால் இருந்த கதிரையில் நான் உட்காரப்போனேன்.

“நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க மாஸ்டர்.”

நான் வெளியே போய்க் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நின்றேன். அளவுதிருத்தும் பக்கத்தைத் திறந்து, குச்சிகளை நாலு மூலைக்கும் ஓட்டி, நடுவில் விட்டு, கையை முழுதாக எடுத்துவிட்டு, அவரே தன் நடுவைக் கணினிக்குச் சொன்னார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். நான் ஓய்வுபெற்றுத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை எல்லா ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. ஒருநாளாவது ‘பரவாயில்லை, இருங்க’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.